வாள் என்று குறித்திருந்தார்கள்

புதைகுழியைத் திறந்தவர்கள்
முதலில் வாள் என்றுதான் குறித்தார்கள்.
ஒரு கை நீளம். துருவேறிய இரும்பு. கூர் இல்லை.
கூர் மழுங்கிப்போனது என்று
அடுத்த வரியில் அவர்களே சமாதானம் எழுதினார்கள்.

நானும் நம்பினேன்.
என் முதல் படியில் அர்னோரா
கப்பலின் முனையில் நின்றாள்.
இருபது ஆண்கள் அவள் சொல்லுக்குத் துடுப்பு வலித்தார்கள்.
எண்பது பக்கம்.
அத்தனை பனிக்காற்றிலும்
அவளுக்கு ஒருமுறைகூட மூக்கு ஒழுகவில்லை.

பிறகு ஊன்னி தொலைபேசியில் அழைத்தாள்,
அருங்காட்சியகத்தின் கீழ்த்தளத்திலிருந்து.
எக்ஸ்ரே வந்துவிட்டது, உட்கார்ந்துகொள், என்றாள்.
அது வாள் இல்லை.
ஊடையை மேல்நோக்கி அடித்து இறுக்கும்
தறி இரும்பு.

எண்பது பக்கத்தையும் அடுப்பில் போட்டேன்.
நன்றாக எரிந்தது.

இரண்டாம் படியில் அவளை வீட்டுக்குள் கூட்டி வந்தேன்.
நீண்ட வீடு, சன்னல் கிடையாது,
புகை போகக் கூரையில் ஓர் ஓட்டை,
புகைக்கு அது தெரியாது.
ஒரு கோடியில் மாடுகள், மறு கோடியில் விருந்தாளிகள்,
நடுவில் சுவரோடு சாய்த்த தறி.
உட்கார்ந்து நெய்கிற தறி அல்ல அது.
பாவின் நுனிகளில் கற்கள் தொங்கும்.
இடமும் வலமும் நடந்துகொண்டே நெய்ய வேண்டும்.

கணவன் ஹால்கெல்லின் கப்பலைத்
தச்சர்கள் ஒரே குளிர்காலத்தில் முடித்தார்கள்.
அதற்கொரு பெயர் வைத்தார்கள், பீர் ஊற்றினார்கள்.
பாய்க்கு மூன்று குளிர்காலம்.
நூறு ஆடுகளின் மயிர், முறுக்கி முறுக்கி
விரல் நுனி வழவழத்துப்போன பெண்கள்.
ஒருநாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன்:
தறிக்கு முன்னால் அவள் நடந்த தூரம்
அந்தக் கப்பல் போய்வந்த தூரத்துக்குக் குறைவில்லை.
பாய்க்குப் பெயர் வைக்கவில்லை யாரும்.

இதுவரை எனக்குப் பிடித்திருந்தது.
இந்த வரியோடு முடித்துக்கொள்ளத்தான் இருந்தேன்.

ஆனால் அவள் தனியாக நடக்கவில்லை.
தறியின் மறுபக்கம் முய்ரென்,
அயர்லாந்துக் கரையில் ஒரு விடியலில் பிடித்துவந்தவள்.
விலை, ஒரு வெள்ளி வளையமும் பாதியும்.
அவர்களைத் தோழிகளாக்கினேன்.
கஞ்சியைப் பங்கிட வைத்தேன், பேன் பார்க்க வைத்தேன்,
குழந்தை பிறந்த இரவில்
அர்னோரா அவள் முதுகைப் பிடித்திருந்தாள்.
எழுத எழுத எனக்கே கண் கலங்கியது.

ஊன்னி இரண்டாவது தாளை அனுப்பினாள்.
அர்னோராவின் காலடியில் இன்னொரு எலும்புக்கூடு.
பெண். இருபது வயதுக்குள்.
குப்புறக் கிடத்தியிருக்கிறது.
மணிகள் இல்லை, ஊசி இல்லை.
கைகளைப் பற்றிய வாக்கியத்தை
இரண்டுமுறை படித்துவிட்டுத் தாளைக் கவிழ்த்து வைத்தேன்.

அர்னோராவின் இடுப்பில் சாவிக்கொத்து இருந்தது.
அதைப் பெருமையாக எழுதியிருந்தேன்,
வீட்டின் அரசி என்று.
சாவி என்றால் எங்கோ பூட்டும் இருக்கும்.
எனக்கு அது தோன்றவே இல்லை.

இறந்தவள் கேட்டாளா, இருந்தவர்கள் கொடுத்தார்களா?
தெரியாது.
தெரியாததை என்னால் இனிமையாக எழுத முடியும்,
அதுதான் என் தொழில்.
இரண்டு மாதம் எழுதவில்லை.

போன வாரம் கீழ்த்தளத்துக்குப் போனேன்.
அர்னோராவின் தோள் ஊசி, ஆமை ஓடு மாதிரி வெண்கலம்.
அதன் முதுகில், உலோகத்தின் பச்சையில் ஒட்டி,
கட்டைவிரல் நகமளவு துணி.
ஊன்னி விளக்கைத் திருப்பினாள்.
நேர்த்தியான சாய்வு நெசவு, சீராக ஓடி,
ஓரிடத்தில் ஓர் இழை தவறியிருந்தது.

முய்ரென் தன் மொழியில்தான் எண்ணியிருப்பாள்.
அர்னோராவுக்கு அந்த எண்கள் புரிந்திருக்காது.
தூக்கமா, கோபமா, கண்ணில் புகையா?

மூன்றாம் படி தொடங்கிவிட்டேன்.
இன்னும் கப்பல் வரவில்லை, அர்னோராவும் வரவில்லை.
இருட்டு. கற்கள் ஒன்றோடொன்று மோதுகின்றன.
ஒரு பெண் வாய்க்குள் எண்ணுகிறாள்:
ஐந்து, ஆறு, ஏழு,
ஒன்பது.